மருமகளோடு மேடை வரைக்கும்

அன்பு மகன் முனிராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, மஞ்சு, மாடு, கன்று எல்லாரும் அம்மன் தயவில் நன்றாக இருக்கிறோம். மஸ்கட்டில் வெயில் எப்படி என்று கேட்க மாட்டேன். ஒவ்வொரு போனிலும் நீயே அதைத்தானே சொல்கிறாய். இந்த முறை போன் வேண்டாம் என்று கடிதம் எழுத உட்கார்ந்தேன். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால், "சரிம்மா, சூப்பர்வைசர் கூப்பிடறாரு" என்று நடுவிலேயே வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது கட்டில்மேல் அப்படியே கிடக்கும், திரும்பி வந்து படித்துத்தான் ஆக வேண்டும். உன் ரூம்காரன் கிருஷ்ணப்பா லீவு முடிந்து அங்கே திரும்புகிறான். அவன் பையில் இதையும் ஒரு மாங்காய் ஊறுகாய் பாட்டிலையும் கொடுத்தனுப்புகிறேன். ரூமில் இருக்கிறவர்கள் எல்லாரும் கேட்கும்படி சத்தமாகவே படி. ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை. அவர்கள் வீட்டிலும் பெண்டாட்டி, தங்கச்சி எல்லாம் இருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஓசூரில் நடந்த உடற்கட்டுப் போட்டியில் உன் பெண்டாட்டி மஞ்சு மேடையில் நிற்கிற படம், யாரோ ஸ்டேட்டஸில் வைத்து, சுற்றிச் சுற்றி உன் போனுக்கு வந்துவிட்டது. நீ அவளுக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்பினாய். "பார்த்தேன்." அதோடு சரி. அன்றையிலிருந்து அவளுக்கு உன்னிடமிருந்து போன் இல்லை. அவள் அழவில்லை, அந்த மாதிரிப் பெண் இல்லை. கம்பெனிக்குப் போகிறாள், வருகிறாள், ஜிம்முக்குப் போகிறாள், என்னோடு சிரித்துப் பேசுகிறாள். ஆனால் சாப்பிட உட்காரும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துக்கொள்கிறாள். முன்னெல்லாம் அப்படி வைக்க மாட்டாள். அதைப் பார்த்தால் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. சாமி, நீ பார்த்தது ஒரு படம். அந்தப் படத்துக்கு முன்னாலும் பின்னாலும் கூடவே இருந்தவள் நான். அடுத்த மாதம் நீ லீவில் வந்து இறங்குவதற்குள் மிச்சத்தையும் உன்னைப் பார்க்க வைத்துவிடுகிறேன்.

இதற்கெல்லாம் ஆரம்பம் யார் தெரியுமா? நீதான். காலேஜ் படிக்கிறபோது சுவரில் ஒரு பயில்வான் படத்தை ஒட்டிவைத்துக்கொண்டு, தினமும் முட்டை வேண்டும் என்று என் உயிரை எடுத்தாயே, நினைவிருக்கிறதா? சனிக்கிழமை பெருமாளுக்கு உகந்த நாள், முட்டை கிடையாது என்று சொன்னதற்கு, "சனிக்கிழமை மட்டும் உடம்பு வளராம நிக்குமாம்மா?" என்று கேட்டாய். ஒரு மாதம்கூட ஓடவில்லை. பயில்வான் படம் கிழிந்தது, நீ வாங்கிப்போட்ட ரெண்டு இரும்பு தம்பிள்ஸும் கட்டிலுக்கடியில் போயின. வீணாக்கக் கூடாது என்று நான் அவற்றை எடுத்து, மொட்டைமாடியில் மிளகாய் காயவைக்கும்போது தார்ப்பாய் காற்றில் பறக்காமல் இருக்க ரெண்டு மூலையிலும் வைத்தேன். நீ மஸ்கட் போன பிறகு ஒருநாள் மஞ்சு மாடிக்கு வந்தவள், அந்த ரெண்டையும் கைக்கொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். தார்ப்பாய் பறந்தது, மிளகாய் தெருவெல்லாம் கொட்டியது. அவள் கீழே குனியவே இல்லை. "அத்தே, இது சென்னாகிதே!" என்றாள். ஆனேக்கல்காரப் பெண், சந்தோஷம் வந்தால் கன்னடம்தான் முதலில் வரும். நல்லாயிருக்கிறதாம். பக்கத்து வீட்டு நாகம்மா தெருவிலிருந்து மிளகாயைப் பொறுக்கிக்கொண்டே, "ஏங்க்கா, உன் மருமக மிளகாய்க்கு இரும்பு சுத்திப் போடறாளா?" என்று கத்தினாள்.

அப்போது அவளுக்கு முதுகுவலி. கம்பெனியில் நாள் முழுக்க லைனில் நின்றபடியே சின்னச் சின்னச் சாமான்களைக் குனிந்து பூட்டுகிற வேலை. நீ போனில், "தைலம் போட்டு விடும்மா" என்று சொல்லுவாய், நானும் தேய்த்துவிடுவேன். கம்பெனியில் இருந்த டாக்டரம்மா, தைலம் போதாது, முதுகுக்குப் பலம் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஓசூர் போகிற ரோட்டில் பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கிய ஜிம் ஒன்று இருக்கிறது. அங்கே வாணி மேடம் என்று ஒரு கோச். முதல்நாள் நானும் கூடப் போய் உட்கார்ந்தேன். உள்ளே போகும்முன் செருப்பைக் கழற்றினேன். "அம்மா, செருப்பு போட்டுக்கங்க, கால்ல வெயிட் விழுந்தா கஷ்டம்" என்றார்கள். அத்தனை பேர் மூச்சைப் பிடித்து ஒரே மனதாக நிற்கிற இடம், செருப்போடு போக எனக்குக் கூச்சமாக இருந்தது. மூலையில் உட்கார்ந்து நான் கந்தர் நாமத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மஞ்சு கம்பியைத் தூக்கும்போதெல்லாம் என் வாயில் "முருகா" கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது போலிருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து அங்கே நாலைந்து பெண்கள் கனமான வெயிட் எடுக்கும்போது "முருகா" என்கிறார்கள். அதில் ஒருத்தி கிறிஸ்தவப் பெண்.

சில மாதங்களில் முதுகுவலி போன இடம் தெரியவில்லை. வலி போனதும் நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. ஒருநாள் தோட்டத்துக்குத் தக்காளி ஏற்ற லாரி வந்து நிற்கிறது, கூலிக்கு ஆள் வரவில்லை, டிரைவர் கத்துகிறான். உன் அப்பா இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்க்கிறார். ஷிப்ட் முடிந்து வந்தவள் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு கிரேட்டைத் தூக்க ஆரம்பித்தாள். முட்டியை மடித்து, முதுகை நிமிர்த்தி, அவ்வளவு நிதானமாக. டிரைவர் வாயை மூடிக்கொண்டான். நாகம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னாக்கா, வீட்ல இருக்கறது மருமகளா, மகனா?" என்றாள். "ரெண்டும்தான். உனக்கு ஒண்ணாச்சும் இருக்குதா?" என்று கேட்டேன். அவளுக்கு ரெண்டு மகன்கள், ரெண்டு பேரும் கட்டிலைவிட்டு எழுந்திருக்க மாட்டார்கள், அது உனக்கே தெரியும். அன்று ராத்திரி உன் அப்பா என்னிடம் மெதுவாக, "அந்தப் புள்ளைக்கு நாளையிலிருந்து ரெண்டு முட்டை சேத்துப் போடு" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து பாராட்டு அந்த உருவத்தில்தான் வரும்.

பிறகுதான் வாணி மேடம், மஞ்சுவின் முதுகையும் தோளையும் பார்த்துவிட்டு, ரெண்டு மாநிலத்துப் பெண்களும் கலந்துகொள்கிற போட்டி ஓசூரில் வருகிறது, நீ நிற்கிறாயா என்று கேட்டார்கள். நிற்கிறதென்றால் சும்மா நிற்கிறது இல்லை. சதை எங்கே எப்படிக் கட்டியிருக்கிறது, ரெண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா, திரும்பும்போது எப்படித் தெரிகிறது, எல்லாவற்றுக்கும் மார்க். அதற்கொரு உடுப்பு. அதை முதன்முதலில் கொடியில் பார்த்தபோது யாரோ ரெண்டு கைக்குட்டையைத் துவைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து மடித்து வைத்துவிட்டேன். மஞ்சு வீடெல்லாம் தேடினாள். அது இன்னதென்று தெரிந்ததும் நான் பூஜை அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். வெளியே வர எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அன்று மஞ்சு உனக்குப் போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நானும் கேட்டேன். நீ கோபப்படவில்லை. ரொம்ப இனிப்பாக, "எனக்கு ஒண்ணும் இல்ல மஞ்சு. அம்மா சரின்னா எனக்குச் சரி" என்று சொன்னாய். சாமி, நான் ஐந்தாம் வகுப்புப் படித்தவள்தான், ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? வெள்ளி, செவ்வாய் விரதம் இருக்கிற அம்மா, ஆடு மாடுகூட முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிற அம்மா, எங்கே சரி சொல்லப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டாய். வேண்டாம் என்று உன் வாயால் சொல்லாமல் என்னைக் கொண்டுபோய் வேலியாக நட்டாய். உன் அப்பாவும் இதையே செய்தவர்தான். நான் கல்யாணமாகி வந்த புதிதில் கெலமங்கலத்தில் தையல் வகுப்பு நடந்தது. போகட்டுமா என்று கேட்டேன். "எங்கம்மா சரின்னா எனக்குச் சரி" என்றார். அவர் அம்மாவிடம் கேட்டால், அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் போகவில்லை. பல வருஷம் கழித்து ஒருநாள் அவரைப் பெற்ற அந்த அம்மாவே என்னிடம், "அவனுக்குத்தான் பிடிக்கலையோன்னு நெனச்சேன்டி, எனக்கு என்னா வந்தது?" என்றார்கள். ரெண்டு பேரும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டார்கள், நடுவில் என் தையல் மிஷின் போயிற்று. இன்றுவரை என் ரவிக்கையை ஊரார்தான் தைக்கிறார்கள், ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல். எனக்கு இதனால் பிடிக்கவில்லை என்று காரணத்தையும் சொல். அவள் பதில் சொல்லட்டும், சண்டை வரட்டும், பரவாயில்லை. அம்மாவை நடுவில் நிறுத்தாதே. அம்மாவுக்குக் கால் வலிக்கிறது.

மஞ்சு என்னிடம் கெஞ்சவில்லை. பூஜை அறை வாசலில் வந்து நின்று, "அத்தே, நீங்க வேணாம்னா வேணாம். ஆனா இப்பவே சொல்லாதீங்க. யோசிச்சுட்டுச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான். யோசிக்கிறது எனக்குத் தனியாக வராது என்று உனக்குத் தெரியும். கெலமங்கலம் போகிற வழியில் இருக்கிற நம் அம்மன் கோயிலுக்குப் போனேன், பூ கேட்க. உன் மஸ்கட் வேலைக்கும் அங்கேதான் கேட்டேன், மஞ்சுவை உனக்குக் கட்டுகிறதுக்கும் அங்கேதான் கேட்டேன். வலப்பக்கம் வைத்த பூ விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். நம் தோட்டத்து ரோஜாவையே கொண்டுபோனேன். பூசாரி கையிலேயே வாங்கவில்லை. "ரோஜா வேணாம்மா, கனம். தானா விழும். அப்புறம் அம்மா சொன்னாளா, கனம் சொல்லுச்சான்னு எங்கிட்ட சண்டைக்கு வருவ" என்று சொல்லி, அரளிப்பூ ரெண்டை நனைத்து அம்மன் தோளில் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டினார்.

என் மருமகள் அந்த உடுப்பில் மேடை ஏறலாமா என்று மனதுக்குள் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன், பூ அசையவே இல்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் மாட்டுக்கும், நிலத்துக்கும், பையன் வேலைக்கும் கேட்க வரிசையில் நிற்கிறார்கள். ஒரு அம்மா, "இன்னும் எவ்ளோ நேரம்மா? என் பஸ்ஸு போயிடும்" என்கிறாள். நான் இன்னும் இறுக்கிக் கண்ணை மூடினேன். கடைசியில் பூசாரி குனிந்து, "அம்மா பதில் சொல்லலைன்னா கேள்வி அவளுக்குப் பிடிக்கலன்னு அர்த்தம். மாத்திக் கேளும்மா" என்றார். எப்படி மாற்றுவது? மேடையில் ஏறப்போகிறவள் அவள், உழைத்தது அவள், உடம்பு அவளுடையது. நான் எதைக் கேட்க அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று நானே யோசித்தேன். எனக்கென்று கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "தாயே, நான் அவகூடப் போகட்டுமா?" என்று கேட்டேன். கண்ணைக்கூடத் திறக்கவில்லை, அதற்குள் பூசாரியே, "விழுந்துடுச்சும்மா, வலது" என்று கத்தினார். பஸ்ஸுக்கு நின்ற அம்மாதான் என்னைவிட அதிகமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, "நானும் வர்றேன்டி" என்று மட்டும் சொன்னேன். மஞ்சு என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். நான் என்ன கொஞ்சமான எடையா? ஸ்டாண்டில் இருந்த கரண்டியெல்லாம் என் கால் பட்டுக் கீழே விழுந்தது.

அதற்கப்புறம் நம் வீட்டுச் சமையலறை இருந்த இருப்பைச் சொல்கிறேன். எண்ணெய் இல்லாமல் கோழி, மசாலா இல்லாமல் கோழி, வெள்ளைக்கரு, ஓட்ஸ். ஓட்ஸ் என்பதை நான் வாயில் வைத்துப் பார்த்தேன், நனைந்த அட்டை மாதிரி இருந்தது. வாணி மேடத்திடம் போய், "எங்க ஊரு ராகிக்கு இன்னா கொறச்சல்?" என்று சண்டை போட்டு, அளவு பார்த்துக் களிக்கு அனுமதி வாங்கினேன். சனிக்கிழமை மட்டும் கோழிக்கும் முட்டைக்கும் லீவு, பன்னீரும் கொள்ளும் மீல்மேக்கரும் என்று ஒரு உடன்பாடு. வெள்ளைக்கருவை எடுத்தால் மஞ்சள்கரு மிச்சமாகுமே, அதை உன் அப்பாவுக்குப் போட்டேன். டாக்டர் அவரைத் திட்டினார். பிறகு தெரு நாய்க்குப் போட்டேன். இப்போது பாகலூர் சுற்றுவட்டாரத்திலேயே நம் தெரு நாய்க்குத்தான் அவ்வளவு பளபளப்பு. கடைசி வாரங்களில் சாப்பாடு குறையக் குறைய அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. விரதம் இருக்கிறவளுக்கு முன்னால் வடை சுடக் கூடாது என்கிற மரியாதை நமக்குத் தெரிந்ததுதானே. நானும் உன் அப்பாவும் தாளிப்பை நிறுத்திவிட்டோம். அவளுக்குக் காப்புக் கட்டியது போலத்தான் நினைத்தேன். தண்ணீரை நிறுத்துகிறதெல்லாம் பழைய முட்டாள்தனம், அதைச் செய்யாதே என்று வாணி மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் சொம்பும் கையுமாக அவள் பின்னாலேயே நடந்தேன். தண்ணீர் விஷயத்தில்தான் பிற்பாடு என் கூத்து இருக்கிறது, பொறு.

போட்டி எங்கே நடந்தது தெரியுமா? உங்கள் கல்யாணம் நடந்த அதே மண்டபத்தில். நீயும் அவளும் உட்கார்ந்திருந்த மேடையில்தான் லைட் போட்டிருந்தார்கள். பெண்கள் தயாராகிற இடம் மணமகள் அறை. கதவில் அந்த போர்டுகூட அப்படியே இருந்தது. உள்ளே போனால் ரப்பர் கயிறு இழுக்கிறவள், சுவரைப் பிடித்து மூச்சு வாங்குகிறவள், குழந்தைக்குப் பால் பாட்டில் கொடுத்துக்கொண்டே கையை மடக்கிப் பார்க்கிறவள். எல்லாரும் உடம்பெல்லாம் கரும்பழுப்பு நிறத்தில் சாயம் பூசியிருக்கிறார்கள். மேடை வெளிச்சத்தில் சதையின் கட்டு தெரிய வேண்டுமென்றால் அது வேண்டுமாம். இத்தனை வருஷம் கஸ்தூரி மஞ்சளும் கடலைமாவும் தேய்த்து நிறத்தை ஏற்றப் பாடுபட்ட என் கண்ணுக்கு முன்னால், ஒரு அறை நிறையப் பெண்கள் காசு கொடுத்துக் கறுப்பாகிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவ்வளவு சிரிப்பு. கருமாரியின் நிறத்துக்கு என்ன குறை என்று அந்த நிமிஷமே எனக்குப் பிடித்துப்போயிற்று. உன் அப்பா மட்டும், "நான் வெளியவே நிக்கறேன்" என்று வாசலில் கடலை வாங்கப் போய்விட்டார்.

வாணி மேடம் எல்லாரிடமும், "பொண்ணுங்களை யாரும் தொடாதீங்க, கலர் கெட்டுடும்" என்று சொல்லிவிட்டு, பேர் கொடுக்க வெளியே போனார்கள். நான் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. ஆனால் இவ்வளவு பேர் கண் படப்போகிறதே என்று கோயிலிலிருந்து தீர்த்தம் ஒரு பாட்டிலில் கொண்டுவந்திருந்தேன். பின்னால் போய் நின்று, "தாயே, காப்பாத்து" என்று வேப்பிலையால் தாராளமாகத் தெளித்துவிட்டேன். ஒரு நொடிதான். புழுதியில் முதல் மழை விழுந்தால் எப்படிப் புள்ளி விழும், அப்படி அவள் தோளெல்லாம், முதுகெல்லாம் புள்ளி விழுந்து, வரிவரியாகச் சாயம் கீழே ஓடியது. வாணி மேடம் உள்ளே வந்து பார்த்து, "யாரு தண்ணி தெளிச்சது?" என்றார்கள். நான் வேப்பிலையோடு நிற்கிறேன். வேறு யார் என்று கேட்கவும் வழியில்லை. "இன்னும் கொஞ்ச நேரத்துல கூப்பிட்டுடுவாங்களே, நம்ம பாட்டிலும் காலி" என்று அவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அம்மனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, நானே அவள் உழைப்பைக் கழுவிவிட்டேனே.

அப்போது பால் பாட்டில் வைத்திருந்த பெண் எழுந்து வந்தாள். பவித்ரா என்று பேர், அத்திப்பள்ளிக்காரி, மஞ்சுவின் பிரிவிலேயே போட்டி போடுகிறவள். "அளபேடி அம்மா, அழாதீங்க" என்று தன் சாயப் பாட்டிலைத் திறந்து என் உள்ளங்கையில் ஊற்றினாள். அவள் கோச் பின்னாலிருந்து, "ஏய், அவ உன் க்ளாஸ்தான்!" என்கிறார். "கொத்து சார், தெரியும். வெறும் புள்ளியை ஜெயிச்சு நான் இன்னா பண்றது?" என்றாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மஞ்சு கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அத்தே, இதே ரூம்ல எனக்கு நலங்கு வச்சீங்களே. அதே மாதிரி வைங்க, சாகு" என்றாள். அது போதும் என்று சொன்னாள். எனக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அன்று கன்னத்திலும் தோளிலும் மஞ்சள் பூசியபோது அந்த அறையில் எத்தனை மெலிந்த தோள் அது, என் விரலுக்கு எலும்பு தட்டியது. இப்போது கை வைத்தால் இரும்பும் உயிரும் கலந்த மாதிரி இருந்தது. மேலிருந்து கீழாக, கையை எடுக்காமல், ஒரே சீராக இழுத்தேன். கல்யாணப் பாட்டுகூட வாயில் வந்துவிட்டது, பாதிப் பெண்கள் கூடவே பாடினார்கள். கடைசியாக இடது தோளில் உள்ளங்கையை வைத்தேன், அதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். கையை அப்படியே எடுத்துவிட்டேன். வாணி மேடம் அவள் வாயில் வெல்லத்தைத் திணித்தார்கள். கோயிலில் கொடுத்த வெல்லம்தான், அதைக் கொண்டுவந்ததும் நான்தான். அந்த நேரத்தில் சதைக்கு இனிப்பு வேண்டுமாம். அதையாவது சரியாகச் செய்தேன்.

மேடையில் அவள் நின்றபோது முதலில் என் கண்ணுக்கு உடுப்புதான் தெரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரத்தில் அது எங்கே போயிற்றென்று தெரியவில்லை. திரும்பி நின்று ரெண்டு கையையும் மடக்கினாள் பார், தண்ணீர் திறந்துவிட்ட வாய்க்கால் மாதிரி முதுகில் சதை பிரிந்து ஓடியது. முதுகுவலி என்று தைலம் தேய்த்த அதே முதுகு. பின்னால் யாரோ பயலுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, அடுத்த நிமிஷம் அவனே கைதட்டினான். நடுவர்கள் நம்பரைச் சொல்லிச் சிலரை நடுவுக்குக் கூப்பிட்டார்கள், மஞ்சுவையும் கூப்பிட்டார்கள். ஐயோ, புள்ளி தெரிந்துவிட்டது, வெளியே அனுப்பப் போகிறார்கள் என்று நான் பாட்டிலில் மிச்சமிருந்த தீர்த்தத்தை மடமடவென்று குடித்துவிட்டேன். நல்லா இருக்கிறவர்களைத்தான் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாம், எனக்கென்ன தெரியும்? திரும்பினால் உன் அப்பா! எப்போது உள்ளே வந்தாரோ, நாற்காலிமேல் ஏறி நிற்கிறார். பக்கத்தில் இருந்தவர் கையில் தன் கடலைப் பொட்டலத்தையே கொடுத்துவிட்டு, "அது எங்க வூட்டுப் புள்ள, எங்க மருமக" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சேலத்துப் பெண் முதலாவது, பவித்ரா ரெண்டாவது, நம் மஞ்சு மூன்றாவது. அந்த மூன்றுக்கு நான் போட்ட குலவையில் நடுவர் ஒருத்தர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். மஞ்சுவும் பவித்ராவும் மேடையிலேயே கட்டிக்கொண்டு, சாயம் ஒன்றோடொன்று ஒட்டி, ரெண்டு பேரும் எருமைக் கன்று மாதிரி திட்டுத்திட்டாக இறங்கி வந்தார்கள். வீட்டுக்கு வந்து அவள் கேட்ட முதல் சாப்பாடு என் கையால் ரெண்டு வடை. மெடலை அம்மன் படத்துக்கு மாட்டியிருக்கிறோம், வலப்பக்கம் விழுந்த அரளிப்பூவும் அதே ஆணியில்தான் காய்ந்து தொங்குகிறது.

நாகம்மா கேட்டாள், "ஏங்க்கா, பொம்பளைக்கு எதுக்குப் புஜம்?" என்று. மறுநாளே அவள் வீட்டுக் கேஸ் சிலிண்டரைத் தூக்க மஞ்சுவைத்தான் கூப்பிட்டாள். இப்போது ஜிம்மில் எவ்வளவு கேட்பார்கள் என்று மெதுவாக விசாரிக்கிறாள், மகன்களுக்கா தனக்கா என்று இன்னும் சொல்லவில்லை. ஊர் வாய் அவ்வளவுதான். நீ அங்கே ரூமில் யார் முன்னால் எப்படித் தலைகாட்டுவது என்று நினைத்திருப்பாய், எனக்குப் புரியாமல் இல்லை. நானும் பூஜை அறையில் போய் உட்கார்ந்தவள்தானே. ஆனால் நான் வெளியே வந்துவிட்டேன், சாமி. நீயும் வா.

இப்போது அந்தப் படத்தை இன்னொரு தரம் எடு. விரலால் பெரிசு பண்ணு. அவள் இடது தோளைப் பார். அங்கே மட்டும் நிறம் கொஞ்சம் அழுத்தமாக, அஞ்சு விரலும் உள்ளங்கையுமாகத் தெரியும். ஸ்டேட்டஸில் யாரோ அதைக் கறை என்று எழுதியிருந்தார்களாம். கறை இல்லை, அது உன் அம்மா கை. நீ சம்மதம் கேட்கச் சொன்னாயே, அதற்கு என் பதில் அங்கேதான் இருக்கிறது. என் கையில் அந்தச் சாயம் ஒரு வாரம் போகவில்லை, மருதாணியா என்று கேட்டவர்களுக்கெல்லாம் கதையைச் சொன்னேன். நீ வந்து இறங்குகிற அன்று ஏர்போர்ட்டுக்கு நாங்கள் மூன்று பேரும் வருவோம். இளைச்சுட்ட, கறுத்துட்ட என்று ஆரம்பிக்காதே. உன் பெரிய பெட்டியை அவள் தூக்குவாள், பிடுங்காதே, பக்கத்தில் நட. சொல்ல வேண்டியது எதுவாக இருந்தாலும் அதற்கு முன்னாலேயே, உன் வாயாலேயே, அவளிடமே சொல்லிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். செவ்வாய்க்கிழமையாவது விபூதி வைத்துக்கொள். ஊறுகாய்க்கு உப்பு சரியாக இருக்கிறது, எண்ணெய் மேலே நிற்கட்டும், ஈரக்கரண்டி போடாதே. ஒன்று சொல்ல மறந்தேன். எண்ணெய் ஒழுகக் கூடாது என்று பாட்டில் மூடியை மஞ்சுவைத்தான் இறுக்கச் சொன்னேன். கிருஷ்ணப்பா இங்கேயே திறந்து ருசி பார்க்க முயற்சி பண்ணினான், முடியவில்லை. உன் அப்பாவும் முயற்சி பண்ணினார். ரூமில் நீங்கள் எல்லாரும் ஆளுக்கொரு தரம் திருகிப் பாருங்கள். எப்படித் திறப்பது என்று அவளுக்குத்தான் தெரியும், அவளுக்கே போன் பண்ணிக் கேள். ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்கு வீட்டில் இருப்பாள். அந்த நேரத்தில் நான் கோயிலில் இருப்பேன், என்னைக் கூப்பிடாதே.

உன் அம்மா